நான்கு மணிக் குளம்

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சோறு தண்ணீர் மறந்து திரியும் மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதி, ஆடிட்டர் சாந்தாமணி, வெள்ளரிப்பாளையத்தில் ஒரு குளம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் நடுப்பகலில் வெள்ளரிப்பாளையத்துக்கு ஒரு குளம் வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், வீட்டுக்கு ஒரம்பரையாக விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல. ஊருக்குக் கிழக்கே, நாலைந்து வேலாமரங்களைத் தவிர வேறெதுவும் முளைக்காத கரட்டு மேட்டில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பழனாத்தாள்தான் முதலில் பார்த்தாள். அவள் அந்த ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி, ஐம்பது வயதுக்காரி, எதற்கும் அவசரப்படாதவள், ஆகவே முதலில் ஆடுகளை எண்ணினாள், பதினாலும் இருந்தன, அதற்குப் பிறகுதான் குளத்தைப் பார்த்தாள். நாலு பக்கமும் கருங்கல் கரை கட்டி, படி வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிற்க, நடுவில் ஒரு பாறைமேல் கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் இடப்பக்கம் பார்த்து நின்றிருந்தது. இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள், தித்திப்பாக இருந்தது, ஊருக்குள் போனாள், குடத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. தோன்றியிருந்தாலும் குடம் நிறையட்டும் பார்க்கலாம் என்றுதான் இருந்திருப்பார்கள்.

அந்தக் குளத்தில் ஒரே ஒரு விசேஷம் உண்டு, அங்கே எப்போதும் மாலை நான்கு மணி. ஊருக்குள் விடிகாலையாக இருக்கும், உச்சி வெயிலாக இருக்கும், கரையில் கால் வைத்ததும் வெயில் சாய்ந்து மஞ்சளாகி, நிழல்கள் கிழக்கே நீண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைபோல மனசு லேசாகிவிடும். முதல் வாரம் கொஞ்சம் தடுமாறினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். நான்கு மணிக்கு யாருக்கும் டீ குடிக்கத் தோன்றும் என்பதால் கரையோரம் ஒருவர் டீக்கடை போட்டார், நாள் முழுக்க பஜ்ஜி வெந்துகொண்டே இருந்தது. பக்கத்து நூல் மில்லில் வேலை செய்கிறவர்கள் மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்து கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஷிப்ட் முடிந்துவிட்டது என்று நினைத்து நேராக வீட்டுக்குப் போனார்கள், அவர்களைத் திட்டி இழுத்துவர வந்த சூப்பர்வைசரும் கரையில் கால் வைத்ததும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டுமே என்று பதறி பஸ் ஏறிவிட்டார். தண்ணீர் இல்லாத ஊர் என்று இருபது வருஷமாகப் பெண் கொடுக்காதவர்கள் அந்தச் சித்திரையில் தாங்களாகவே ஜாதகம் அனுப்பினார்கள், பெண் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் குளக்கரையிலேயே நடந்தன, நான்கு மணி வெளிச்சத்தில் எந்த முகமும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அந்தக் கோடையில் மட்டும் ஒன்பது கல்யாணம் நிச்சயமானது.

இனி சாந்தாமணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகமும் அவருடையதும் ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகள். இருபத்துநாலு வருஷமாக அவர் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. குடோனில் இருக்கும் பஞ்சுப் பொதிகளை எண்ண ஏணியில் ஏறுவார், தும்மிக்கொண்டே எண்ணுவார், பொதியம்மா என்று நாங்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்திருக்கிறோம். மயில்தோகை நூல் மில் அவருடைய பெரிய வாடிக்கை, வருமானத்தில் பாதி அதிலிருந்துதான். லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஊர் நன்மைக்குச் செலவழிக்க வேண்டும் என்பது இந்த மாதிரிக் கம்பெனிகளுக்குச் சட்டம், செலவழித்தது உண்மைதான் என்று எங்களைப்போல ஒருவர் சான்று கொடுக்க வேண்டும். முந்தின வருஷம் மில்காரர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தபோது, சாந்தாமணி போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ‘நேரில் பார்வையிட்டோம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். இந்த வருஷம் குளம் வெட்டியதாக பில்லும் மூன்று போட்டோக்களும் வந்தன. அவருடைய உதவியாளர் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், போன வருஷத்துச் சான்றை எடுத்து, கழிப்பறை என்ற இடத்தில் குளம் என்று மாற்றி, அளவை மாற்றி, தேதியை மாற்றிக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஒரு வரி மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. சாந்தாமணி அதைப் படித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மேசையில் இன்னும் முப்பது பைல் கிடந்தன, வெள்ளரிப்பாளையம் போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகும். போட்டுவிட்டார்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது, நாங்கள் வருஷத்துக்கு நாற்பது போடுகிறோம். போகாத பள்ளிக்கூடம், நடாத மரம், கொடுக்காத தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் நான் போட்டிருக்கிறேன், என் கையெழுத்தால் ஒரு கொசுகூட இடம் மாறியதில்லை. சாந்தாமணியின் கை அதுவரை பொய் எழுதியதே இல்லை, அதனால் பூமி அதை நம்பிவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் நிறைய வெட்கமாகவும் இருக்கிறது.

மில் முதலாளி சென்னியப்பனுக்கு ஒரே சந்தோஷம். மழை முடிந்து வெட்டலாம், அறுவடை முடிந்து வெட்டலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, வெட்டாத குளத்துக்கு பில் போட்டவர் அவர். குளத்தைப் போய்ப் பார்த்தார், மில் பெயர் போட்ட பலகை ஒன்றை நட்டார், சாந்தாமணிக்கு போன் போட்டார்.

“அம்மிணி, உங்குளுது ராசியான கைங்க. வர்ற வருசம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போட்டுருங்க.”

சாந்தாமணிக்கு முதலில் புரியவில்லை. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போனார். கரையில் நின்று கொக்கைப் பார்த்தார், கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார், அதே கொக்கு, அதே கால், அதே இடப்பக்கம். குளத்தை எப்போது வெட்டினார்கள் என்று பழனாத்தாளிடம் கேட்டார்.

“வெட்டுலீங்க அம்மிணி. ஒண்ணாந்தேதி உச்சிப்பொழுதுக்கு வந்துச்சுங்க,” என்றாள் பழனாத்தாள். “யாரோ புண்ணியவதி கையெழுத்துப் போட்டாங்களாமா, பலகை நட வந்த மில்காரரு சொன்னாருங்க. நீங்கதானுங்களா அது? இருங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்.”

டீயைக் குடித்துக்கொண்டே அவர் மனக்கணக்குப் போட்டார். கணக்கு எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய புத்தி ஒன்று உண்டு, ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்கியாக வேண்டும், இறங்காமல் எதுவும் ஏறாது. ஒரு ஏக்கர் இருபது சென்ட் பரப்பில், பத்தடி ஆழத்துக்கு, கருங்கல்லும் கொக்கும் மாலை வெயிலுமாக இவ்வளவும் இங்கே வரவு என்றால், இது எங்கேயோ செலவாகியிருக்கிறது. அன்றிலிருந்து அவர் பைல்களை அப்படியே போட்டுவிட்டு, போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும், உங்கள் ஊரில் ஏதாவது காணாமல் போனதா என்று விசாரித்தார். நாங்கள் எதிர்க்கதவில் நின்று, பொதியம்மாவுக்கு வெயிலில் மூளை உருகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். இரண்டு மாதம் அப்படித் திரிந்தார்.

இருபத்தேழு கிலோமீட்டர் மேற்கே காரவலசில் கண்டுபிடித்தார். ஊர் நடுவே பெரிய பள்ளம், அடியில் காய்ந்த சேறு, வெடிப்புகளில் மீன் முள், கரையில் தனியாக ஒரு கொக்கு வலப்பக்கம் பார்த்து நின்றது. மில் ஆள் ஒருவர் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு வந்து அந்த ஊர்க் குளத்தைத்தான் போட்டோ எடுத்துப் போயிருந்தார். காரவலசுக்காரர்களும் அதற்குள் பழகியிருந்தார்கள், பழகாமல் என்ன செய்வது, தாசில்தாரிடம் மனு கொடுத்தார்கள், குளம் வெள்ளரிப்பாளையத்தில் இருப்பதாகத்தான் ரிக்கார்டு சொல்கிறது என்று பதில் வந்தது. குளம் போனதுகூடப் பரவாயில்லை என்றார் பால் சொசைட்டி செயலாளர் நாச்சிமுத்து.

“மூணு அம்பத்தொம்பதுங்க, அப்புறம் நேரா அஞ்சுங்க. நடுவுல ஒரு மணி நேரம் எங்கூர்ல இல்லீங்க,” என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “பால் வண்டி நாலரைக்கு வரோணும். நாலரையே இல்லாத ஊருக்கு வண்டி எப்படீங்க வரும்? புள்ளைங்க நாலு மணிக்கு உட்டு வெளையாடுமுங்க, இப்ப பள்ளிக்கொடத்து வாசல்ல கால் வெச்சா பொழுது எறங்கிருதுங்க. வெளையாடுன புள்ளைய நான் பாத்து நாளாச்சுங்க.”

சாந்தாமணி அங்கேயே காய்ந்த கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார். சான்றைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும், பொய் எழுதினேன் என்று எங்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், லைசென்ஸ் போகும், மில் போகும், அது போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஆனாலும் குளத்தை வைத்திருக்கிறவர்களிடம் சொல்லாமல் எடுக்க அவருக்கு மனசு வரவில்லை, வெள்ளரிப்பாளையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

கேட்டு முடித்த பழனாத்தாள் எழுந்து நின்றாள். “ஏனுங்க அம்மிணி, பொய் எழுதுனீங்க, எங்களுக்குத் தண்ணி வந்துச்சு. இப்ப உண்மைய எழுதி அதப் புடுங்கறேங்கறீங்க. அந்த உண்மை எங்குளுக்கு எதுக்குங்க? எந்தங்கச்சி மவளுக்கு ஆவணில கல்யாணமுங்க. குளமிருக்குதுன்னு சொல்லித்தான் பேசியிருக்கறோம்.”



“பதில் தெரியலீங்கக்கா,” என்றார் சாந்தாமணி. “ஒருக்கா எங்கூட வந்து பாருங்க. பாத்துப்போட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அதச் செய்யறேன்.”

அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, எங்கள் விதிப்படி அது தப்பு, உண்மையை எழுதுவதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஆனாலும் சொன்னார், பழனாத்தாளும் ஆடுகளைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு அவரோடு பஸ் ஏறினாள்.

காரவலசில் அன்று தண்ணீர் லாரி வந்திருந்தது. பெண்கள் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, வரிசைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், பழனாத்தாள் தன் ஊரில் முப்பது வருஷம் போட்ட அதே சண்டை, அதே வசவுகள். அதில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு இருந்தவள், அசலூர்க்காரி வெயிலில் நிற்கிறாளே என்று தன் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பழனாத்தாள் வாங்கிக் குடித்தாள்.

“எந்தூருங்கக்கா நீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

பழனாத்தாள் வாயைத் திறந்தாள். தன் ஊர்ப் பெயரைச் சொல்லாமல், தன் ஊருக்கும் அடுத்த ஊரின் பெயரைச் சொன்னாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், இறங்குகிற இடம் நெருங்கும்போது அவள் சாந்தாமணியின் பக்கம் திரும்பினாள். “சொம்புத் தண்ணியக் குடிச்சுப்போட்டு, எந்தூருன்னு கேட்டவகிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க அம்மிணி. பொறந்து வளந்த ஊரு பேரு வாயில வருல. எழுதிப்போடுங்க.”

ஊர் அதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் கூட்டம் போட்டுக் கத்தினார்கள், டீக்கடைக்காரர் பழனாத்தாள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார், சொந்தத் தங்கச்சி பேச்சை நிறுத்தினாள். பழனாத்தாள் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, காரவலசுக்குப் பஸ் காசு நான் தருகிறேன், யார் வேண்டுமானாலும் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். நாலு பேர் போனார்கள், பிறகு ஏழு பேர் போனார்கள், போனவர்கள் திரும்பிவந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள், கூட்டம் தானாகக் கலைந்தது.

சாந்தாமணியின் கடிதம் சங்கத்துக்குப் போய்ச் சேரும் நாள் என்று தபால்காரர் கணக்குப் போட்டுச் சொன்ன புதன்கிழமை, வெள்ளரிப்பாளையத்துக்காரர்கள் எருமைகளைக் கரையேற்றினார்கள், படிகளைத் தேய்த்துக் கழுவினார்கள், தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதுபோல, மஞ்சளும் பூவும் ஒரு கை அரிசியும் தண்ணீரில் போட்டார்கள். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பகல் பதினொன்றரைக்குக் கரையில் நின்றவர்கள்மேல் மாலை வெயில் போய் முன்பகல் வெயில் விழுந்தது, பார்த்தால் கரட்டு மேடு, வேலாமரங்கள், மில் பெயர் போட்ட பலகை. அன்றைக்குக் காரவலசில் மூன்று மாதத்துக்குப் பிறகு நான்கு மணி அடித்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள், கரைக்கு வந்த நாச்சிமுத்து தண்ணீரில் மிதந்த மஞ்சளையும் பூவையும் பார்த்து, இது யார் வீட்டுச் சீர் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாராம்.

ஆவணியில் வைத்திருந்த அந்தக் கல்யாணம் நின்றுபோனது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாந்தாமணியை இரண்டு வருஷம் தொழிலிலிருந்து நீக்கினார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றுகிற அன்று நான் போய்ச் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக் கொடுத்தேன். வருத்தம் இல்லையா என்று கேட்டேன். “வருத்தந்தானுங்க, ஏன் இல்லாம,” என்றார்.

மில்லுக்கு நோட்டீஸ் வந்தது. இல்லாத குளத்துக்கு பில் போட்ட பணத்தில் நிஜமாகவே குளம் வெட்டியாக வேண்டும் என்றாகிவிட்டது, தை பிறந்ததும் இயந்திரம் கொண்டுவந்து அதே கரட்டு மேட்டில் தோண்டினார்கள். சான்று கொடுக்க வேறு ஆடிட்டர் வேண்டுமே, சென்னியப்பன் எதிர்க்கதவைத் தட்டினார். ஆமாம், நான்தான். பெரிய வாடிக்கை, வேண்டாம் என்று சொல்கிற நெஞ்சுரம் எனக்கு இல்லை. முன்னால் இருந்த ஆடிட்டருக்குக் கடிதம் எழுதி, நான் ஏற்றுக்கொள்ள ஆட்சேபணை உண்டா என்று கேட்பது எங்கள் மரபு. எழுதினேன். சாந்தாமணியிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: ஆட்சேபணை இல்லை, போய்ப் பாருங்கள்.

மார்ச் மாதம் மேசையில் முப்பத்தெட்டு பைலை வைத்துவிட்டு நான் போனேன். ஊரே கூடியிருந்தது. மேலே நின்று இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தேன், பழனாத்தாள் வழியில் நின்றாள்.

“எறங்கிப் பாருங்க ஆடிட்டருங்க.”

பளபளவென்று துடைத்த ஷூவோடு புழுதியில் இறங்கினேன். அவள் ஒரு மூங்கிலைக் கொடுத்தாள், நாலு மூலையிலும் நிறுத்தி அளக்க வைத்தாள், மூன்று மூலையில் பத்தடி இருந்தது, வடமேற்கு மூலையில் பாறை தட்டி எட்டடியோடு விட்டிருந்தார்கள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்து சென்னியப்பன் போனில் வந்தார்.

“என்ன யோசனைங்க? குளம்னு போட்டு அனுப்புங்க. மழை பேஞ்சா தானா ரொம்பிக்குது.”

போனிலிருந்து அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. பழனாத்தாள் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“குளம்னு எழுதாதீங்க. அப்புறம் எந்தூருக் குளமாவது எந்திரிச்சு வந்துரும். குழீன்னு எழுதுங்க, அதானுங்க இருக்குது. தண்ணி வந்தா நாங்களே சொல்லியுடறோம், அப்ப வந்து குளம்னு எழுதுங்க.”

என் கைக்கு அவ்வளவு பவர் கிடையாது அக்கா, என் கையெழுத்தைப் பூமி மதிக்காது என்ற பேச்சு வாய்வரை வந்தது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. நான் போனை அணைத்தேன். குழி ஒன்று, மூன்று மூலையில் பத்தடி, வடமேற்கில் எட்டடி, கரை கட்டவில்லை, தண்ணீர் இல்லை, வேலை பாதி என்று எழுதினேன். மில்லை நினைத்துப் பயந்துகொண்டேதான் எழுதினேன்.

“சத்தமாப் படிங்க,” என்றாள்.

குழிக்குள் நின்றபடி படித்தேன். மேலே சுற்றி நின்ற ஊர் முழுவதும் கேட்டது, தண்ணீர் இல்லை என்ற இடத்தில் யாரோ ஒருவர் உச்சுக்கொட்டினார். முடித்ததும் பழனாத்தாள் அந்த எட்டடி மூலையை, வெட்டாமல் விட்ட பாறையை, வெறும் மண்ணை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“செரிங்க,” என்றாள். “இது எங்குளுது.”